ஒரு பல் தள்ளி

எஞ்சின் நின்ற விதம் ஆல்பினுக்கு முதலில் புரியவில்லை. இருபது வருடத்துக் கார் நிற்கும்போது இருமும், உதறும், கரும்புகை விடும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பானட்டுக்குள் யாரோ ஈரத் துணியை ஒருமுறை உதறியதுபோல ஒரு சத்தம். அதன்பின் சத்தமே இல்லை. கார் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூத்தியார்குண்டுக் கண்மாயை ஒட்டி ரோடு லேசாகச் சரிகிறது. புரட்டாசி மாதத்துச் சாயங்காலம். இரண்டு மழைக்குப் பிறகு கண்மாயில் மெல்லிய விரிப்பாகத் தண்ணீர் படர்ந்திருந்தது. தண்ணீருக்குள் மேகங்கள் நின்றன. உயிரில்லாத கார் அந்த மேகங்களை ஒட்டி மிதந்து போனது. டயர் தாரில் உருளும் இரைச்சலும் ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்றும் இதற்கு முன் அவர் காதில் விழுந்ததே இல்லை. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. இரண்டு கையாலும் வளைத்து ஓரங்கட்டி நிறுத்தினார்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ஜாய்ஸ், எழுமலைப் பள்ளிக்கூடத்தில் தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். மழை பெய்தால் மூன்றாம் வகுப்புக்குள் தவளைகள் வந்துவிடும், பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு... அதோடு நின்றுவிட்டது. கார் நின்றதும் வாக்கியத்தின் மீதியும் எங்கோ போய்விட்டது.

ஆல்பின் சாவியைத் திருகினார். வழக்கமாக செல்ஃப் மோட்டார் ஒரு பாரத்தைத் தள்ளுவதுபோல உறுமும். இன்று தடுப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல, சீலிங் ஃபேன் மாதிரி லேசாகச் சுற்றியது. திரும்பத் திரும்பத் திருகினார். ஜாய்ஸ் மடியிலிருந்த கைப்பையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சார், இங்க பஸ் நிக்குமா?"

சாவியிலிருந்து ஆல்பின் கையை எடுத்துவிட்டார்.

வீட்டில் ஜாய்ஸ் அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டார். மறதி நோய் வந்து ஒரு வருடத்துக்கெல்லாம் அப்படி ஆகிவிட்டது. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காப்பி கொடுத்தால் நன்றி சொல்வார். ஆல்பின் அறைக்குள் வந்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். பல நாள் பேச்சே இருக்காது. பசுமலையில் அந்த வீட்டைக் கட்டி, அதில் இரண்டு பேருமாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாகிவிட்டது. இப்போது யாரோ ஒரு நல்ல மனிதர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருப்பதுபோல ஜாய்ஸ் அதில் இருந்தார்.

ஆனால் இந்தக் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சின் ஓடத் தொடங்கி, ரோடு நகர ஆரம்பித்தால் கொஞ்ச தூரத்தில் "ஏங்க" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள் தற்செயலாக அது நடந்தது. ஏங்க, அந்த போர்டுல என்ன எழுத்துப்பிழை பாருங்க. ஏங்க, கேஸ் புக் பண்ணியாச்சா. டாக்டரிடம் சொன்னபோது பழகிய ஓசையாக இருக்கலாம், பழகிய இடமாக இருக்கலாம் என்றார். அதற்குமேல் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. ஆல்பினுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் பசுமலையிலிருந்து திருமங்கலம் வரை போய்த் திரும்புவது அவர்கள் வாழ்க்கை ஆகிவிட்டது. ஒரு நாளில் அந்த நேரத்துக்கு மட்டும் அவருக்கு மனைவி இருந்தார்.

எஞ்சின் பெல்ட்டை மாற்றச் சொல்லி மெக்கானிக் அழகுபாண்டி கோடையிலேயே சொல்லியிருந்தான். மாற்றுவதென்றால் இரண்டு நாள் வண்டி ஷெட்டில் நிற்க வேண்டும். இரண்டு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க ஆல்பினுக்கு மனம் வரவில்லை. பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று கடத்திக்கொண்டே வந்தார்.

*

அழகுபாண்டியின் ஷெட் திருநகர் தாண்டி, ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கிறது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் அவன் குடியிருக்கும் வீடு. லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்த காரை அவன் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. மேல் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, பல்லெல்லாம் உதிர்ந்துபோன ஒரு ரப்பர் நாடாவை இழுத்து வெளியே போட்டான்.

அவன் சொன்னதை ஆல்பின் இப்படிப் புரிந்துகொண்டார். எஞ்சினின் மேலே ஒரு தண்டு சுற்றுகிறது. அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கீழே ஒரு தண்டு சுற்றுகிறது. அது பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. இரண்டு தண்டுக்கும் பல்சக்கரம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அந்த நாடா ஒன்றுதான். நாடா இருக்கும்வரை வால்வு விலகிய பிறகே பிஸ்டன் மேலே வரும். நாடா போனால் ஒன்று போவது மற்றதற்குத் தெரியாது.

"ரெண்டும் ஒரே வாசல்ல ஒரே நேரத்துல நுழையப் பாக்கும்ணே," என்று அழகுபாண்டி ஒரு கையின் முஷ்டியை மறுகையின் விரல்களில் மோதிக் காட்டினான். விரல்கள் மடங்கின.

மறுநாள் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் சாக்கு விரிப்பில் வைத்திருந்தான். வால்வுகள் வரிசையாகக் கிடந்தன. ஆல்பின் ஒன்றை எடுத்துப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அழகுபாண்டி அதை வாங்கிச் சிமெண்ட் தரையில் உருட்டிவிட்டான். அது நேராக உருளவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, வழி தெரியாத ஆள்போலச் சுற்றிக்கொண்டு போய் ஒரு டயரில் முட்டி நின்றது.

புதுசு போடலாம், ஆனால் இந்த வண்டிக்கு இது தகுமா என்று அவன் கேட்டான். பழைய இரும்பாக வெட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு நல்ல செகண்ட் ஹாண்ட் பார்க்கலாம், தானே பார்த்துத் தருவதாகவும் சொன்னான். துபாயிலிருந்து மகனும் போனில் அதையேதான் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் அங்கிருந்தபடியே டிரைவரோடு ஒரு புதுக் காரை ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தான். குளுகுளுவென்று, சத்தமே இல்லாத கார். ஜாய்ஸ் பின் இருக்கையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கப்பலூர் வருவதற்குள் டிரைவரின் தோளைத் தொட்டு, "தம்பி, என்னைய இங்கயே இறக்கி விட்டுருங்க, வீட்டுல தேடுவாங்க," என்று சொன்னார். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்பினுக்கு அவர் கையைப் பிடிக்கக்கூட முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தால் பயந்துவிடுவார்.

அன்று ஆல்பின் அந்தக் காரிலேயே நேராக ஷெட்டுக்கு வந்தார். மிஷன் கல்லூரி ஆபீசில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிப் பழக்கம் இல்லை. அழகுபாண்டி ஒரு பைக்கின் அடியில் படுத்திருந்தான். அவன் முகம் தெரியாததால் சொல்வது சுலபமாக இருந்தது.

"அழகு, வீட்டுல என்னைய சாருங்குறாப்பா. இந்த வண்டிக்குள்ள உக்காந்தாத்தான் ஏங்கன்னு கூப்புடுறா."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"ஹெட்டை நாளைக்கு லேத்துக்குக் கொண்டு போறேன்ணே," என்றான் அழகுபாண்டி.

*

ஜாய்ஸைத் தனியே விட்டு வர முடியாது என்பதால் ஆல்பின் அவரையும் ஷெட்டுக்கு அழைத்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரின் கதவைத் திறந்துவிட்டதும் போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பானட் மேலே தூக்கிக் கிடந்தது. கண்ணாடிக்கு முன்னால் வெறும் தகரத்தின் அடிப்பக்கம்தான். அதையே பார்த்துக்கொண்டு, ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, அமைதியாக இருந்தார்.

லேத்திலிருந்து ஹெட் வருவதற்குத் தாமதமானது. புது வால்வுகள் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் தினமும் மழை பிடித்தது. கொட்டகைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் வேறு எதுவும் கேட்காது. அப்படி ஒரு மத்தியானம் ஆல்பின் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நாலு பக்கக் கண்ணாடியிலும் தண்ணீர் வழிந்தது. கொட்டகையின் ஓட்டைகள் வழியாக ஒழுகியது. வழியும் தண்ணீருக்கு அப்பால் ஷெட்டின் சுவர் நகர்வதுபோல இருந்தது. டயர் அடுக்கு பின்னால் போனது. வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரி தூரத்தில் எதிரே வந்தது, வந்துகொண்டே இருந்தது. அது சுவரில் தொங்கிய காலண்டர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திருப்பரங்குன்றத்து மலை இடப்பக்கம் மெல்லத் திரும்பி அவர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு தன்னை அறியாமல், வாயை மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை முனக ஆரம்பித்தார். முதல் கியரில் கொஞ்சம் கனமாக. இரண்டாவதில் ஏற்றி. மூன்றாவதில் சீராக. மழைச் சத்தத்தில் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜாய்ஸ் திரும்பி அவர் வாயைப் பார்த்தார். விரலை நீட்டி அவர் உதட்டின் மேல் வைத்தார். பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லும்போது டீச்சர்கள் வைப்பதுபோல அல்ல. அடுப்பில் பாத்திரம் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல. பிறகு விரலை எடுத்துக்கொண்டு மறுபடி முன்னால் பார்த்தார்.

ஒழுகும் இடத்தில் வாளி வைக்க வந்த அழகுபாண்டி இதைப் பார்த்துவிட்டு, வாளியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனான்.

*

ஹெட் வந்த நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். புது வால்வுகளோடு, கழுவித் துடைத்து, பழைய சாமான் என்று சொல்ல முடியாதபடி இருந்தது. மேல் தண்டின் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழகுபாண்டி வெளிச்சத்துக்கு வந்தான். அந்தச் சக்கரத்தின் விளிம்பில், எந்தப் பல் எதற்கு நேராக நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு வெட்டுக்குறி உண்டு. இருபது வருடத்தில் அது தேய்ந்து, நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் அளவுக்கு வந்திருந்தது. தடவித் தடவிக் கண்டுபிடித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து, அந்தப் பல்லின் மேல் ஒரு பொட்டு வைத்தான். எஞ்சினுக்குள் இருட்டு இடுக்கில் மாட்டும்போது அது கண்ணில் படும்.

டீ கொண்டு வந்த அவன் மனைவி முத்துமீனா குப்பியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அண்ணே, நீங்களே கேளுங்க. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போவோம்னு வாங்கி வச்சா, ஊரு வண்டிக்கெல்லாம் நகம் பூசிட்டுத் திரியுறாரு."

"ஒனக்குப் போட்டா யாரு பாக்கப் போறா," என்றான் அழகுபாண்டி.

"இஞ்சினுக்குள்ள போட்டா மட்டும் ஊரே பாக்குதாக்கும்."

மறுநாள் கருவிகளைத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் என்று ஆல்பினுக்கு மனம் பறந்தாலும் வாயைத் திறக்கவில்லை. பூஜைக்கு வரச் சொல்லி முத்துமீனா கூப்பிட்டிருந்தாள், போனார்கள். ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாழைக்கன்று கட்டி, ஜாக்கி, ஸ்பானர், கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியிருந்தார்கள். முத்துமீனா ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனமும் மறுகையில் குங்குமமுமாக ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். ஆல்பினின் காரை வருடாவருடம் அவள் தொடுவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் வேறு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் வேறு என்று அவளே வைத்துக்கொண்ட மரியாதை அது. இந்த முறையும் காருக்கு முன்னால் வந்து, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாண்டிப் போனாள். ஆனால் சாக்கு விரிப்பில் கிடந்த இரும்புகளில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. குனிந்து எல்லாவற்றுக்கும் வைத்தாள். ஹெட்டுக்கு ஒன்று. பல்சக்கரத்துக்கு ஒன்று.

ஆல்பின் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொல்லலாம் என்று நினைத்தார். சொல்லவில்லை. கறுத்த இரும்பின் மேல் மஞ்சளும் சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள் பூத்துக்கொண்டே போயின. சாம்பிராணிப் புகை அவற்றின் மேல் படிந்து விலகியது. கர்த்தர் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஜாய்ஸ் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, முத்துமீனா கொடுத்த பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

*

விஜயதசமி அன்று விடிந்ததுமே மேகம் மூடிக்கொண்டது. அழகுபாண்டி ஸ்பானரைக் கண்ணில் ஒற்றி எடுத்து, வேலையை ஆரம்பித்தான். ஹெட்டை ஏற்றி இறுக்கி, பல்சக்கரத்தை வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டியபோது கரண்ட் போனது. ஆல்பின் போன் டார்ச்சைப் பிடித்தார். இடுக்குக்குள் எண்ணெய் மினுங்கியது. அதன் நடுவே பல்லில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அந்தா தெரியுது பாருங்க, நம்ம ஆளு," என்றான் அழகுபாண்டி.

புள்ளியை எதிர்க்குறிக்கு நேராக நிறுத்தி, புது பெல்ட்டை மாட்டி, விறைப்பு வைத்தான். பெரிய ஸ்பானரை அடியில் போட்டு எஞ்சினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தான். எதுவும் எதிலும் முட்டவில்லை. மூடியைப் போட்டான். தண்ணீர் ஊற்றினான், ஆயில் ஊற்றினான். சாவியை ஆல்பினிடம் கொடுத்தான்.

முதல் திருகிலேயே பிடித்தது. ஆனால் பழைய சுறுசுறுப்பு இல்லை. தூக்கத்தில் பேசுகிறவர் குரல்போல, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக்கொண்டு ஓடியது. அழகுபாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டான். நெற்றியைச் சுருக்கினான். ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். ஆல்பின் இறங்கவில்லை. ஜாய்ஸ் ஏற்கெனவே முன் இருக்கையில் இருந்தார். அழகுபாண்டி பின்னால் ஏறிக்கொண்டான்.

கார் நகர்ந்தது, வேகம் எடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கூடியது. திருமங்கலம் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. மழை பெய்து ஓய்ந்த வெளி இருபுறமும் வெள்ளையும் பச்சையுமாக விரிந்து கிடந்தது. வயல்களில் தேங்கிய தண்ணீரில் கொக்குகள் நின்றன. ஒவ்வொரு கொக்கும் தலைகீழாக இன்னொரு கொக்கின் மேல் நின்றது. அந்த வேகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. ஒரு வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள் கையை ஆட்டிக்கொண்டே வெகுநேரம் அவர்கள் பக்கத்திலேயே வந்தன. புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் அவர்களைத் தாண்டியது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க."

பதில் சொன்னால் கலைந்துவிடும் என்று ஆல்பின் பயந்தார்.

"ஏங்க, உங்களத்தான். ஏன் இம்புட்டு மெதுவாப் போறீங்க? புல்லுக்கட்டு முந்திட்டுப் போகுது."

"வண்டி அம்புட்டுத்தான் போகுது, ஜாய்ஸ்."

"வண்டி மேல பழியப் போடாதீங்க. நீங்க தாலி கட்டவே தாமதமா வந்த ஆளு." ஜாய்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். "இது யாரு?"

"மெக்கானிக்கு. அழகுபாண்டி."

"அப்ப அவர ஓட்டச் சொல்லுங்க."

அழகுபாண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து, கால் பக்கம் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். ஆல்பின் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும்போல இருந்தது. கப்பலூரில் திரும்பி வரும் வழியெல்லாம் ஜாய்ஸ் திட்டிக்கொண்டே வந்தார். நேரம் ஆகிறது, எப்போது போய்ச் சேருவது, நடந்து போனால்கூட இந்நேரம் போயிருக்கலாம். ஆல்பினுக்கு அந்த ரோடு முடியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

*

ஷெட்டுக்கு வந்ததும் அழகுபாண்டி மூடியைக் கழற்றினான். விரலை விட்டுச் சிவப்புப் புள்ளியைத் தேய்த்தான். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். நுனி சிவந்திருந்தது. காய்ந்த நெயில் பாலிஷ் கையில் ஒட்டாது.

அவன் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து அடுத்த பல்லைத் துணியால் அழுத்தித் துடைத்தபோது, அழுக்குப்போல இறுகியிருந்த சந்தனத்துக்கு அடியிலிருந்து பாலிஷ் பொட்டு வெளியே வந்தது. முத்துமீனா வைத்த சந்தனம் அந்தப் பல்லிலேயே நின்றுவிட, குங்குமம் எண்ணெயில் வழுக்கி அடுத்த பல்லுக்குப் போய்க் காய்ந்திருக்கிறது. முத்துமீனாவைக் கூப்பிட்டு விரலைக் காட்டினான். அவள் பார்த்தாள்.

"நான் வச்ச பொட்டு எது, என் பாலிஷு எதுன்னு தெரியல. இவருகிட்டத்தான் ஊரே வண்டிய விடுது," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது, அதனால்தான் வால்வு பிந்தித் திறக்கிறது, கழற்றி மாட்ட அதிக நேரம் ஆகாது என்று அழகுபாண்டி சொன்னான். அவன் ஸ்பானரை எடுப்பதற்குள் ஆல்பின் அவன் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

அழகுபாண்டிக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"ஓடும்ணே. ஓடாதுன்னு சொல்லல. ஆனா மேடு ஏறாது, சூடேறும். போட்ட வால்வெல்லாம் கருகிரும். அடுத்த தடவ இழுத்துட்டு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எம்புட்டு நாள் ஓடும்?"

"தெரியலண்ணே. அத யாரும் சொல்ல முடியாது."

ஆல்பின் காரைப் பார்த்தார். ஓடுகிறவரை ஓடட்டும் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்த மெதுவான ரோடு, பக்கத்திலேயே வந்த யூனிஃபார்ம்கள், காதில் விழுந்துகொண்டே இருந்த திட்டு. எந்த வேகத்திலோ எந்தச் சத்தத்திலோதான் அந்தக் கதவு திறக்கிறது. அதைத் திருகிச் சரிசெய்யப் போய், மூடிக்கொண்டால்?

முன் இருக்கையில் ஜாய்ஸ் ஒரு விரலால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மணியடித்த பிறகும் தொடங்காத வகுப்புக்கு முன்னால் நிற்கிற டீச்சரைப்போல. ஆல்பின் போய் ஜன்னல் அருகே குனிந்தார். ஜாய்ஸ் அவர் முகத்தைப் பார்த்தார். உடனே சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சார், வண்டி கெளம்புமா? எனக்கு நேரமாகுது."

ஏங்க என்று கூப்பிட்டவரும் சார் என்று கூப்பிடுகிறவரும் கேட்டது ஒன்றையேதான். எங்கே போக வேண்டும் என்று தெரியாவிட்டாலும் ஜாய்ஸ் எங்கோ போய்ச் சேர விரும்பினார். இத்தனை சாயங்காலங்களிலும் ஒரு சொல் காதில் விழுவதற்காக மட்டுமே தான் வண்டி ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஆல்பினுக்கு உறைத்தது. ஜன்னலிலிருந்து நிமிர்ந்தார்.

"சரியா மாட்டிருப்பா," என்றார்.

*

சாயங்காலம் மேகம் கலைந்து வெயில் வந்தது. கார் அதன் பழைய குரலில் ஓடியது. கால் வைத்தால் போதும், முன்னால் பாய்ந்தது. திருநகர் போனது, கண்மாய் போனது, கப்பலூர் போனது. ஒவ்வொரு இடத்திலும் ஆல்பின் காது கொடுத்துக் காத்திருந்தார். ஜாய்ஸ் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, காற்றில் பறந்த நரைமுடியை ஒதுக்காமல், முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். திருமங்கலம் வந்தது. கடைத்தெரு, பஸ், வாழைப்பழ வண்டிகள், மஞ்சள் வெளிச்சம்.

"சார்."

ஆல்பினின் கால் தானாகத் தளர்ந்தது. ஓடுகிற காருக்குள்ளும் அந்தச் சொல் வந்துவிட்டது. இனி வேறு இடம் இல்லை.

"சொல்லுங்க, டீச்சர்."

"நீங்க நல்லா ஓட்டுறீங்க. எங்க வீட்டுக்காரர் இப்படி ஓட்ட மாட்டாரு."

ஆல்பின் எதிரே வந்த ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டார். பிறகு, "எப்படி ஓட்டுவாரு?" என்று கேட்டார்.

"பயந்து பயந்து. முன்னால கோழி வந்தாக்கூட நிறுத்திட்டு, அது யோசிச்சு முடிச்சுப் போற வரைக்கும் மரியாதையா நிப்பாரு." ஜாய்ஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆல்பின் வெகுநாள் கேட்டிருக்கவில்லை.

"கோவக்காரரா?"

"கோவம்லாம் வரும். வந்தா பேச மாட்டாரு. ஆபீஸ் கணக்க எடுத்து வச்சுக்கிட்டு கூட்டிக்கிட்டே இருப்பாரு. நான் பக்கத்துல போயிப் பாத்து, இந்தா இங்க தப்புன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் சமாதானம் ஆவாரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு கணக்குல தப்பே வராது, சார். நான் வந்து கண்டுபிடிக்கட்டும்னு அவரே ஒண்ணு விட்டு வைப்பாரு."

ஆல்பின் ரோட்டைப் பார்த்தார். ரோடு அங்கே இருந்தது. முப்பது வருடமாக அது ஜாய்ஸுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

"அவருகிட்ட நீங்க சொன்னதில்லையா, தெரியும்னு?"

"சொன்னா அப்புறம் எப்படி விடுவாரு?" என்றார் ஜாய்ஸ். "நீங்களும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன், டீச்சர்."

வழக்கமாகத் திரும்பும் பெட்ரோல் பங்க் எப்போதோ பின்னால் போயிருந்தது. உசிலம்பட்டி ரோட்டில் வெளிச்சம் சோளக் காடுகளின் மேல் சாய்ந்து கிடந்தது. ஆல்பின் கியரை மாற்றினார். வண்டி சீராகப் போனது. அந்த வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டார். ஜாய்ஸ் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அது ஒரு பெரிய கதை என்று ஆரம்பித்தார்.